தலையில் கை

முதலில் போனது பெருவிரல்.
சாயத்தண்ணிக் கோப்பையின் சூடு
அதற்கு எட்டவில்லை.
தோல் சிவந்த பிறகுதான்
கண் பார்த்துச் சொன்னது.

பிறகு ஆள்காட்டி.
கொழுந்தா முத்தலா என்று
கிள்ளும்போதே சொல்லிவிடும் விரல்,
இருபத்தாறு வருஷமாய்.
இப்போது எதைத் தொட்டாலும் பஞ்சு.
நிறுவையில் நாலு கிலோ குறைந்தது.
கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டார்.
"வயசு போகுது புஷ்பலீலா" என்றார்
பேனாவை மூடாமலே.

விரல் விறைப்பதற்குக் கழுத்தை
யார் சந்தேகப்படுவார்?
டிஸ்பென்சரியில் பெனடோல் தந்தார்கள்.
ரெண்டாம் லயத்து மரியசூசை
சுளுக்கென்று பிடித்துத் திருகினார்.
தோளிலிருந்து முழங்கை தாண்டி
கரண்ட் ஓடியது.

இரவில் மட்டும் ஒரு வழி கிடைத்தது.
வலது கையைத் தூக்கி
உச்சந்தலையில் வைத்தால்
வலி கொஞ்சம் தள்ளிப் படுக்கும்.
அப்படியே தூங்கினேன்.
அப்படியே பிரட்டுக்களத்திலும் நின்றேன்.
"தலையில கை வைக்காதீங்க மதினி,
இப்ப யாரு செத்துட்டா?"
நாத்தனார் திலகேஸ்வரி
கையைத் தட்டித் தட்டி விடுவாள்.

டிக்கோயா ஆஸ்பத்திரி வாங்கில்
நம்பர் எழுபத்தொன்று நான்.
கை தலையில்.
அறைக்குள் போக வந்த டாக்டர் நின்றார்.
அரைத் தமிழில் கேட்டார்:
"அப்படி வைச்சா நோவு குறையுதா?"
அந்தக் கையைத் தட்டிவிடாத
முதல் ஆள்.

தலையை வலப்பக்கம் சாய்த்து
மெல்ல அழுத்தினார். அதே கரண்ட்.
சிறு சுத்தியலால் முழங்கை மடிப்பில் தட்டினார்.
இடது கை துள்ளியது.
வலது, காது கேளாதவர் போல் கிடந்தது.
"நடக்கக்குள்ள கால் தடுமாறுதா?
மூத்திரம் தெரியாம போகுதா?"
இல்லை. இல்லை.
"அப்படி ஆனா அன்னைக்கே வரணும்.
கிளினிக் நாள் பார்க்க வேணாம்."

படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
அஞ்சாம் எலும்புக்கும் ஆறாம் எலும்புக்கும் நடுவே
ஒரு நூல் அளவுதான் இடம்.
"இங்க மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கும்.
தண்ணி வத்திப் போச்சு.
நரம்பை நெரிக்குது."

எனக்கு உடனே விளங்கியது.
ஃபெக்டரி மாடியில் கொழுந்தை விரித்து
ராத்திரி முழுக்கக் காற்றடிப்பார்கள்.
விடியும்போது பாதிப் பாரம் இருக்காது.
என் கழுத்தை யார் விரித்துப் போட்டதென்று
நான் கேட்கவில்லை.
கூடைக்கயிறு பதிந்த இடத்தில்
முடி முளைத்து வெகு காலம்.

கத்தி இப்போதைக்கு வேண்டாமாம்.
முக்கால்வாசிப் பேருக்கு
மாசக்கணக்கில் தானாய்த் தணியுமாம்.
மாத்திரை. சில நாளைக்குக் கழுத்துப்பட்டி.
நிலூஷா மிஸ் சுவரோரம் நிறுத்தி
நாடியைப் பின்னுக்கு இழுக்கச் சொன்னார்,
குனியாமல், நிமிராமல்,
நாத்தம் பிடித்த கோழி போல.
பத்துத் தரம். ஒரு நாளைக்கு நாலு வேளை.
சிரித்தேன். வலித்தது. செய்தேன்.
"தலையில கயிறு இனி வேணாம்" என்றார்.
அதை மட்டும் துண்டில் எழுதிக் கேட்டேன்.

தொரை துண்டை ரெண்டு தரம் வாசித்தார்.
"லேசான வேலை எங்க இருக்கு?"

ஹட்டன் கராஜில்
கழற்றிப் போட்ட வேன் பெல்ட் ரெண்டு வாங்கினேன்.
உரச்சாக்கில் வைத்துத் தைத்தேன்.
பாரம் தோளுக்கும் இடுப்புக்கும் இறங்கியது.
சாக்கு நிரம்பக் காத்திருக்க மாட்டேன்,
பாதியிலேயே நிறுவைக்கு நடப்பேன்.
"பள்ளிக்கூடம் போறியாடி?"
ஏழாம் நம்பர் மலையே சிரித்தது.
முழுப்பேர் இன்னும் வரவில்லை.

போன கிழமை திலகேஸ்வரி
யாரும் இல்லாத வரிசையில் கேட்டாள்:
"மதினி, எனக்கும் சின்ன விரலு விறைக்குது.
அந்த பெல்ட்டு என்ன விலை?"
விலையைச் சொல்லவில்லை.
முதலில் ஆஸ்பத்திரி பஸ் நேரம் சொன்னேன்.

நேற்றுத் தேத்தண்ணி வேளையில்
கோப்பையைப் பிடித்தேன்.
சுட்டது.
பெருவிரலில், தெளிவாய், சுட்டது.
ஆள்காட்டி இன்னும் பஞ்சுதான்.

கோப்பையை நான்
இடது கைக்கு மாற்றவில்லை.